ஆல்பியன் டெரஸில் யாரும் மட்டி தின்பதில்லை

ஆல்பியன் டெரஸில் யாரும் மட்டி தின்பதில்லை. வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள், ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு சரிகைத் திரை, தினமும் காலையில் கல்லால் தேய்த்து வெளுப்பாக்கிய வாசற்படி. இப்படிப்பட்ட இடத்தில் மட்டியா? மட்டி என்பது ஆற்றுச் சேற்றில் பொறுக்குகிற சிப்பி; கப்பல்துறைக் கூலிகள் தெருமுனையில் நின்றபடி உறிஞ்சித் தின்கிற சாமான். ஆல்பியன் டெரஸ்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வறுத்த மாட்டிறைச்சிதான் சாப்பிடுவார்கள். அதற்கு வசதி இல்லாத வாரத்தில் ஒரு கரண்டிக் கொழுப்பை வாணலியில் போட்டுத் தீய்த்து, தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள்.

ஒன்பதாம் எண் வீட்டு விக்கம் அம்மாள் மட்டும் சனிக்கிழமைதோறும் ஒரு கிண்ணம் மட்டி தின்றாள்.

கணவர் இறந்த பிறகு மாடி அறையை வாடகைக்கு விட்டு மானமாகப் பிழைத்துவந்தவள் அவள். அந்த மானம்தான் அவளுடைய மூலதனம். ஆல்பியன் டெரஸ் என்ற முகவரிக்காகத்தான் நல்ல உத்தியோகத்தில் உள்ள ஆண்கள் அந்த இருட்டறைக்கு வாடகை கொடுத்தார்கள். தெருவில் பெயர் கெட்டால் அடுத்த குளிர்காலத்துக்கு அடுப்பில் கரி இருக்காது. ஆனால் நாக்கு என்று ஒன்று இருக்கிறதே. அவள் பிறந்தது கடலோரத்தில். அந்த உண்மையை அவள் கணவரிடம்கூடப் பாதிதான் சொல்லியிருந்தாள்.

மட்டிக்கார ஜெப் சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் பின்சந்து வழியாக வருவான். தெருவில் யாரும் கூவி விற்கக் கூடாது என்று முதல் வீட்டு கவுன்சிலர் பிளம்லி நகரசபையில் சொல்லி உத்தரவு வாங்கியிருந்தார். அதனால் ஜெப் கூவமாட்டான். பின்கதவில் மூன்று தட்டு, ஒரு இருமல். கதவு ஒரு சாண் திறக்கும். கிண்ணம் வெளியே போகும், நிறைந்து உள்ளே வரும். முகம் பார்ப்பது கிடையாது. ஓட்டை நீக்கி, சதையை மட்டும் போட்டுத்தான் கொடுப்பான். ஓடு குப்பைத் தொட்டியில் கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட மாட்டாளா?

இன்னொரு சிக்கலும் உண்டு. மட்டியைக் கொதிக்க வைத்தால் அந்த வாசனை நாலு வீட்டுக்குப் போய்த் தண்டோரா போடும். அதனால் விக்கம் அம்மாள் கொதிக்க வைப்பதே இல்லை. பாத்திரம் கழுவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வினிகரும் மிளகுத்தூளும் போட்டுப் பச்சையாகவே விழுங்கிவிடுவாள். இந்தத் தெருவிலேயே இப்படி ஒரு கேடுகெட்டவள் தன்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்பது அவளுடைய உறுதியான நம்பிக்கை. சனிக்கிழமை மட்டி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அதற்கு மன்னிப்பு என்று ஐந்து வருடம் ஓடிவிட்டது.

மகாராணியின் வைரவிழாவுக்கு முந்தைய இலையுதிர்காலத்தில் டைஃபாய்டு வந்தது. ஹால்ஸ்டன் நகரத்தில் காய்ச்சல் புதிதல்ல. ஆனால் வழக்கமாக அது மரியாதை தெரிந்த காய்ச்சல். ஏழைகள் இருக்கும் பக்கமாக வந்து, வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். இந்த முறை நேராக ஆல்பியன் டெரஸில் நுழைந்து ஏழு வீடுகளில் படுக்கை போட்டுவிட்டது. நாலாம் எண் வீட்டில் ஓக்ஸ் என்ற இளம் குமாஸ்தா, அம்மாவுக்கு ஒரே பிள்ளை, இறந்தே போனான்.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு டாக்டர் ஃபாரோவிடம் வந்தது. நகரச் சுகாதார அலுவலகத்தில் சின்ன டாக்டர் அவன்; விக்கம் அம்மாளின் மாடி அறையில் குடியிருந்தான். ஒல்லி உடம்பு, பெரிய காது, எந்நேரமும் பசி. குடிதண்ணீரைச் சோதித்தான், சுத்தம். பால்காரனின் கேன்களைக் கவிழ்த்துப் பார்த்தான், அதுவும் சுத்தம். சாக்கடைக் குழாய்க்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வந்த அன்று அவனுடைய கோட்டை விக்கம் அம்மாள் வீட்டுக்குள் விடவில்லை. கடைசியில், சாப்பாட்டில்தான் ஏதோ இருக்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்க ஆரம்பித்தான்.

"மிஸஸ் விக்கம், இந்தத் தெருவுல எல்லாரும் தினமும் வறுத்த மாட்டிறைச்சிதான் சாப்பிடறாங்களாம்," என்றான் ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது. "மூணாம் நம்பர்ல, கப்பல்ல வர்ற அன்னாசிப்பழம்னு சொல்றாங்க. அந்த மனுஷனோட சம்பளம் எனக்குத் தெரியும். அன்னாசியைப் படத்துலதான் பாத்திருப்பாரு."

"எங்க தெரு சாப்பாட்டுல குறை வைக்காது, டாக்டர்."

"தெருவுல விக்கறவங்ககிட்ட ஏதாச்சும் வாங்குவீங்களான்னு கேட்டா, அவங்க அம்மாவைத் திட்டின மாதிரி முறைக்கிறாங்க. நீங்க வாங்குவீங்களா?"

"நானா?" விக்கம் அம்மாள் தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தாள். "டாக்டர், உங்களுக்கு இன்னொரு முட்டை போடட்டுமா?"

இரண்டாவது முட்டை அந்த வீட்டில் கேள்விப்படாத சங்கதி. டாக்டர் சந்தோஷத்தில் கேள்வியை மறந்துவிட்டான்.

கவுன்சிலர் பிளம்லிக்கு இந்த விசாரணையெல்லாம் வீண்வேலையாகத் தெரிந்தது. அவர் நகரசபைச் சுகாதாரக் குழுவின் தலைவர். தொப்பைக்கு முன்னால் தங்கச் சங்கிலி, சங்கிலிக்கு முன்னால் ஒரு அபிப்பிராயம் என்று எப்போதும் தயாராக இருப்பவர். அவருடைய மனைவி வைத்த தேநீர் விருந்துக்குத் தெருவின் பெண்கள் எல்லாரும் போயிருந்தார்கள். டாக்டரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"காரணத்தைத் தேடணுமா? என் ஜன்னலைத் திறந்தா மூக்குக்கே தெரியுது," என்றார் பிளம்லி. "லாந்தர் சந்து! நம்ம பின்சந்தைத் தாண்டினா அதுதான். சந்து வாசல்ல மட்டி ஓடு மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. மனுஷங்க தின்னுறதா அது?"

"ஐயோ, அந்தப் பேச்சை எடுக்காதீங்க," என்று பிளம்லி அம்மாள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள். மற்ற பெண்களும் ஆளுக்கொரு கைக்குட்டையை எடுத்தார்கள். விக்கம் அம்மாள் எல்லாரையும்விடப் பெரிய கைக்குட்டையாக எடுத்தாள்.

"ஆனா லாந்தர் சந்துல ஒருத்தருக்குக்கூடக் காய்ச்சல் இல்லையே, சார்," என்றான் டாக்டர்.

"அதேதான் நான் சொல்றேன்! அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் நம்ம பக்கம் அனுப்பிட்டாங்க."

இந்த வாதத்தை என்ன செய்வது என்று தெரியாமல் டாக்டர் ஒரு கேக் துண்டை எடுத்துக்கொண்டான். பெண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். வருகிற திங்கட்கிழமை போலீசை வைத்து லாந்தர் சந்தைக் காலி செய்வது, அடுத்த வாரமே இடிப்பது என்று குழு முடிவு செய்துவிட்டதாகப் பிளம்லி அறிவித்தார். விக்கம் அம்மாள் கடித்த கேக்கைத் திரும்பத் தட்டில் வைத்தாள். அவள் வீட்டு வாசற்படியைத் தேய்த்து வெளுப்பாக்குகிறவளும் துணி துவைக்கிறவளும் லாந்தர் சந்து நோரி டூலன்தான்.

மறுநாள் நோரி வந்தாள். அவள் அயர்லாந்துக்காரி, கை இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும். ஒன்றும் நடக்காததுபோல் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தாள். விக்கம் அம்மாளால்தான் பொறுக்க முடியவில்லை.

"நோரி, நீ எங்க போவே?"

"அரண்மனையில ரெண்டு ரூம் காலியா இருக்காம்மா. மகாராணி ஆள் மேல ஆள் அனுப்புறாங்க. நான்தான் யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"விளையாடாதே."

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? ஏழை விடுதிதான். ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம்னு பிரிச்சுப் போட்டுருவாங்க." போர்வையை இன்னொரு முறுக்கு முறுக்கினாள். "முப்பது வருஷமா எங்க கிழவனோட குறட்டை தாங்கல, தாங்கலன்னு சாமிகிட்ட அழுதேன். சாமி காதுல இப்பத்தான் விழுந்திருக்கு போல. அது இல்லாம எப்படித் தூங்கறதுன்னுதான் தெரியல."

சொல்லிவிட்டு நோரி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. விக்கம் அம்மாள் பழைய கம்பளி ஒன்று தருகிறேன் என்று மட்டும் சொன்னாள். அதைச் சொன்னபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அந்தக் கம்பளியைக் கொடுக்கத்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வாழ்க்கையில் முதல்முறையாக லாந்தர் சந்துக்குள் காலடி வைத்தாள். சந்தின் நடுவில் பெரிய அண்டா ஒன்று தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் குழந்தைகள். கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் டாக்டர் ஃபாரோ உட்கார்ந்து, முழங்கைவரை வழிய வழிய மட்டி தின்றுகொண்டிருந்தான்.

"டாக்டர்!"

"வாங்க மேடம். ரெண்டு வாரமா மாட்டிறைச்சிக் கதையே கேட்டு எனக்குப் பசி முத்திப்போச்சு." அவனுக்கு வெட்கம் என்பதே கிடையாது. "உண்மையைச் சொன்னா, நான் முதல்ல சந்தேகப்பட்டது இதைத்தான். ஆத்துல நகரத்துச் சாக்கடை கலக்கற இடத்துலதான் இதைப் பொறுக்கறாங்க. ஆனா இவங்களைப் பாருங்க, தினமும் தின்னுட்டுக் குதிரை மாதிரி இருக்காங்க. உங்க தெருவுலயோ ஒருத்தரும் இதைத் தொடறதில்ல. தின்னவங்க நல்லா இருக்காங்க, தின்னாதவங்க படுத்துட்டாங்க. அதனால மட்டி நிரபராதி."

"அதுக்குள்ள எடுக்காதே!" என்று நோரி அண்டாவில் கைவிடப் பார்த்த ஒரு சிறுமியின் கையில் கரண்டியால் தட்டினாள். "இன்னும் கொதிக்கட்டும்."

விக்கம் அம்மாள் அண்டாவைப் பார்த்தாள். அடியில் எரிகிற நெருப்பைப் பார்த்தாள். இங்கே நெருப்பு இருந்தது. அவள் வீட்டில் வினிகர்தான் இருந்தது. கம்பளியை நோரியின் கையில் கொடுக்க மறந்து, அதைக் கட்டிப்பிடித்தபடியே வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் எதையும் தொடவில்லை. வாயைத் திறந்தால் மானம் போகும். மூடிக்கொண்டால் திங்கட்கிழமை நோரி நடுத்தெருவில் நிற்பாள். ஒரு மணி நேரம் உப்புக் குப்பியையே நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், ஒரு சந்தேகம். யாராவது ஒருத்தர் மட்டியைப் பச்சையா தின்னா என்ன ஆகும்?"

"பச்சையாவா? சாக்கடைத் தண்ணியையே குடிச்ச மாதிரிதான். யாரு அப்படித் தின்னுவா?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா."

"எங்க இருக்காங்க?"

"ரொம்ப தூரம்."

"தூரத்துல இருக்கற அம்மா எனக்கு எதுக்கு மேடம்? எனக்கு ஆல்பியன் டெரஸ்ல ஒருத்தர் வேணும்."

விக்கம் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஒன்பதாம் நம்பர்ல இருக்கா."

டாக்டர் யோசித்தான். கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது. "ஆனா ஒன்பதாம் நம்பர்..."

"இந்த வீடுதான், டாக்டர்! இவ்வளவு படிச்சிருக்கீங்க, அந்த அம்மா யாருன்னு நான் வாய்விட்டு வேற சொல்லணுமா?"

எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று தட்டு, இருமல், கிண்ணம், வினிகர். சொல்லச் சொல்ல நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது, முகத்தில் ரத்தம் ஏறியது. டாக்டர் துள்ளி எழுந்து மேஜையைச் சுற்றி இரண்டு நடை நடந்தான். பிறகு தொப்பென்று உட்கார்ந்துவிட்டான்.

"உங்களுக்கு ஏன் காய்ச்சல் வரல?"

"பத்து வயசுல இதே காய்ச்சல் வந்து, பாதிரியாரைக் கூப்பிட்டுக் கடைசி ஜெபம்கூடப் பண்ணிட்டாங்க. பொழச்சுக்கிட்டேன்."

"ஒருதடவை வந்தவங்களுக்கு மறுபடி வர்றது அபூர்வம், அது சரி. ஆனா இதை வச்சு என்ன பண்றது? மட்டி தின்னது ஒரே வீடு, அந்த வீட்டுல யாருக்கும் காய்ச்சல் இல்ல. பிளம்லி விழுந்து விழுந்து சிரிப்பாரு. மத்தவங்க யாரும் தின்னலையே."

"யாரும் தின்னமாட்டாங்க. நான் ஒருத்திதான்." விக்கம் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஜெப்புகூடப் பாவம். நெஞ்சு சரியில்லாதவன். என் கதவைத் தாண்டிப் போன பிறகும் சந்து முழுக்க இருமிக்கிட்டே போவான். கொஞ்சம் நிப்பான், இருமுவான். மறுபடி கொஞ்சம் தூரம் போய் நிப்பான், இருமுவான். இரக்கப்பட்டுப் போன கிறிஸ்துமஸுக்கு இருமல் மிட்டாய் ஒரு பொட்டலம்..."

அவள் பேச்சு நின்றது. டாக்டர் அவளைப் பார்த்தான். அவள் டாக்டரைப் பார்த்தாள்.

"எத்தனை தடவை இருமுவான்?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டான்.

"அடிப்பாவிங்களா!" என்றாள் விக்கம் அம்மாள்.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் பின்சந்து முனையிலேயே ஜெப்பை மடக்கினார்கள். யார் யார் வாங்குகிறார்கள் என்று கேட்டதற்கு அவன் நெஞ்சை நிமிர்த்தினான். "நான் மட்டிக்காரன் சார். காட்டிக்கொடுக்கறவன் இல்ல." கூடையை மொத்தமாக விலைபேசியதும், "கூடை எதையும் சொல்லாது, எடுத்துக்குங்க," என்று கொடுத்துவிட்டுப் பியர்க் கடைக்குப் போய்விட்டான். டாக்டர் சாட்சிக்குத் தன் மேலதிகாரியையும் கூட்டி வந்திருந்தான். நகரத்தின் தலைமை டாக்டர், வயதானவர், குடையை ஊன்றிக்கொண்டு, இதெல்லாம் தேவையா என்கிற முகத்தோடு நின்றார்.

பன்னிரண்டாம் எண் பின்கதவில் டாக்டர் மூன்று தட்டுத் தட்டி இருமினான். கதவு திறக்கவில்லை.

"இது என்ன இருமல்? ஆட்டுக்குட்டி மாதிரி," என்று அவனைத் தள்ளிவிட்டு விக்கம் அம்மாள் முன்னால் வந்தாள். ஐந்து வருடம் காது கொடுத்துக் கேட்ட இருமல் அது. தட்டினாள். அடிவயிற்றிலிருந்து ஜெப்பின் இருமலை எடுத்துவிட்டாள்.

கதவு ஒரு சாண் திறந்தது. கிண்ணத்தோடு ஒரு கை வெளியே வந்தது.

"குட் ஈவினிங் மேடம், சுகாதார அலுவலகத்திலேர்ந்து வர்றோம்," என்றான் டாக்டர். கை திடுக்கிட்டது. ஆனால் கிண்ணத்தை விடவில்லை.

"பூனைக்கு," என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

பதினொன்றிலும் பூனைக்குத்தான். பத்திலும் பூனைக்குத்தான், அங்கே மட்டியைப் போட நீட்டிய கிண்ணத்தில் வினிகரும் மிளகுத்தூளும் முன்கூட்டியே தயாராக இருந்தன. "பூனைக்கு மிளகு ஒத்துக்குமா?" என்று தலைமை டாக்டர் முதல்முறையாக வாயைத் திறந்தார். ஏழாம் எண்ணில் சர்ச்சில் பியானோ வாசிக்கும் இரண்டு கிழட்டுக் கன்னிகள், ஒருவருக்கொருவர் தெரியாமல் ஆளுக்கொரு கிண்ணத்தோடு ஓடிவந்து கதவிலேயே முட்டிக்கொண்டார்கள். கையும் கிண்ணமுமாக ஆல்பியன் டெரஸ் அகப்பட்டுக்கொண்டிருந்தது. விக்கம் அம்மாளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஐந்து வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மண்டியிட்டு இவள் மன்னிப்புக் கேட்டபோது, பக்கத்தில் மண்டியிட்டவர்கள் வாயிலும் அதே வினிகர் வாடைதானே அடித்திருக்கும்!

நாலாம் எண் வீட்டில் வந்த கை கறுப்புத் துணி போர்த்திய கை. துக்கம் இன்னும் கழியவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டிருந்த டாக்டரைக் கண்டதும் ஓக்ஸின் அம்மா கதவை முழுசாகத் திறந்தாள். அவள் பூனை என்று சொல்லவில்லை.

"என் பையனுக்கு ரொம்பப் பிடிக்கும்," என்றாள். "காய்ச்சல்ல ஒண்ணும் இறங்கல. தெம்பு வரட்டும்னு கடைசி வாரம் ரெண்டு கிண்ணம் வாங்கினேன். இப்ப வேண்டியதில்லதான். சத்தம் கேட்டதும் பழக்கத்துல கிண்ணத்தை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

விக்கம் அம்மாள் அவள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் எதையும் விளக்க வேண்டாம் என்று டாக்டருக்கு அவள் கண்ணாலேயே சொன்னாள். டாக்டர் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவனுக்கு நாளைக்கும் இரண்டு முட்டை என்று அவள் தீர்மானித்துக்கொண்டாள்.

கடைசிக் கதவு முதலாம் எண். விக்கம் அம்மாளுக்கு ஓக்ஸின் அம்மா முகம் கண்ணிலேயே நின்றது. கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டாள். கதவு திறந்தது. வெளியே வந்தது கிண்ணம் அல்ல, விருந்தில் சூப் பரிமாறும் பெரிய மூடிப் பாத்திரம். அதைப் பிடித்திருந்த விரலில் தங்க மோதிரம் மின்னியது.

"ஜெப், விளிம்பு வரைக்கும் போடு. போன வாரம் குறைச்சுட்டே," என்றது குரல்.

"குட் ஈவினிங், கவுன்சிலர்," என்றார் தலைமை டாக்டர்.

பாத்திரம் ஆடியது. மூடி விழுந்து உருண்டு சந்தின் நடுவரை போய்ப் படுத்தது.

"இது பூனைக்கு," என்றார் பிளம்லி.

"உங்க வீட்டுல பூனை இருக்கா சார்?" என்று டாக்டர் கேட்டான்.

"வாங்கப் போறேன்."

திங்கட்கிழமை போலீஸ் வரவில்லை. காலையிலேயே சுகாதாரக் குழு அவசரமாகக் கூடியது. விக்கம் அம்மாளையும் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள். நாசூக்காக ஒரு வழியும் காட்டினார்கள்: அவளும் பூனைக்குத்தானே வாங்கினாள்? ஆமாம் என்று சொல்லிவிட்டால் தெருவோடு சேர்ந்து அவள் மானமும் பத்திரமாக இருக்கும். ஆனால் தின்றது மனிதர்கள் இல்லை என்று ஆகிவிட்டால் மட்டியின் மேல் குற்றமில்லை. பழி மறுபடி லாந்தர் சந்தின் மேல்தான் விழும். அவள் எழுந்து நின்றாள்.

"எங்க வீட்டுல பூனை கிடையாது. நான்தான் தின்னேன். ரொம்ப ருசியா இருந்துச்சு," என்றாள்.

அந்த ஒரு வாய்ச்சொல் போதுமானதாக இருந்தது. லாந்தர் சந்தை இடிக்கும் உத்தரவு ரத்தானது. சாக்கடை கலக்கும் இடத்து ஆற்று மட்டியை விற்கக் கூடாது என்று தடை வந்தது. புதிதாக யாரும் படுக்கவில்லை. நகரசபை வெளியிட்ட அறிக்கையில், மட்டியை ஒரு வீட்டில் ஒரு பெண்மணி உண்டதாகவும், மற்ற வீடுகளில் செல்லப் பிராணிகளுக்காக வாங்கியதாகவும் எழுதியிருந்தது. அறிக்கை வந்த வாரமே ஆல்பியன் டெரஸில் எல்லா வீட்டிலும் பூனை வாங்கினார்கள். பிளம்லிக்குப் பூனை முடி ஆகாது. குளிர்காலம் முழுக்கத் தும்மிக்கொண்டே திரிந்தார்.

அந்த ஒரு பெண்மணியைத் தெரு ஒதுக்கிவைத்தது. சர்ச்சில் அவள் உட்கார்ந்த பெஞ்சு காலியானது. தேநீருக்கு அழைப்பு நின்றது. எதிரே வந்தால் பிளம்லி அம்மாள் வானத்தில் மேகம் பார்த்தாள். விக்கம் அம்மாள் வெளியே தைரியமாகத்தான் நடந்தாள். வீட்டுக்குள் வந்து தொப்பியைக் கழற்றிய பிறகு அழுதாள்.

நோரி வழக்கம்போல வந்து படியைத் தேய்த்தாள். "எங்க கிழவனோட குறட்டையை எனக்கே திருப்பிக் கொடுத்துட்டீங்கம்மா. நன்றி சொல்றதா, திட்டறதான்னு யோசிக்கறேன்," என்றாள். யோசித்துக்கொண்டே அன்று படியை இரண்டுமுறை தேய்த்தாள்.

மார்ச் மாதம் ஜெப் மறுபடி வந்தான். இந்த முறை சாக்கடை கலக்காத வடக்குக் கரையிலிருந்து, ஓட்டோடு, டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன சரக்கு. விக்கம் அம்மாள் இருப்பதிலேயே பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். வெங்காயம் அரிந்துபோட்டாள், வெண்ணெய் போட்டாள். தளதளவென்று கொதிக்க விட்டாள். பிறகு முன்னறைக்குப் போய், சரிகைத் திரையை ஒதுக்கி, தெருப்பக்கத்து ஜன்னலை அகலத் திறந்து வைத்தாள். போகட்டும் வாசனை, போகிற இடத்துக்கெல்லாம் போகட்டும். நோரியும் டாக்டரும் சமையலறை மேஜையில் முழங்கை முட்ட உட்கார்ந்து, ஓட்டைக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பின்கதவில் மூன்று தட்டு கேட்டது. கூடவே ஒரு இருமல். ஜெப்பின் இருமல் இல்லை; கைக்குட்டைக்குள் இருமிய பெரிய மனுஷி இருமல்.

விக்கம் அம்மாள் போய்க் கதவை ஒரு சாண் திறந்தாள். சால்வைக்குள் ஒரு கிண்ணத்தை மறைத்தபடி பிளம்லி அம்மாள் நின்றாள். காலடியில் கொழுத்த மஞ்சள் பூனை ஒன்று, தானும் வந்ததுபோல் நின்றது.

"இந்தப் பக்கமா நடந்து வந்தேன், மிஸஸ் விக்கம். ஒரே வாசனையா இருந்துச்சு."

"பூனைக்கா, மிஸஸ் பிளம்லி?"

பிளம்லி அம்மாள் பூனையைப் பார்த்தாள். சந்தின் இரு பக்கமும் பார்த்தாள். உள்ளே கொதிக்கிற பாத்திரத்தின் மூடி தடதடவென்று ஆடியது.

"எனக்குத்தான்," என்றாள். குரல் உள்ளே போய்விட்டது. "பத்து வருஷமா எனக்குத்தான்."

விக்கம் அம்மாளுக்கு மனசு இளகித்தான் போனது. கிண்ணத்தை வாங்கக் கை நீட்டினாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

"தாராளமா சாப்பிடுங்க. உங்களுக்கும் ஒரு நாற்காலி போடறேன்," என்றாள். "ஆனா இந்த வழி வேண்டாம். முன்வாசல் வழியா வாங்க."

பின்கதவு மூடிக்கொண்டது. பிளம்லி அம்மாள் சந்திலேயே வெகுநேரம் நின்றாள். பிறகு வாசனை இன்னொரு முறை வந்தது. கிண்ணத்தைச் சால்வைக்கு வெளியே எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு வீட்டு ஜன்னல்களும் பார்க்கிற ஆல்பியன் டெரஸின் முன்வாசல் பக்கம் சுற்றிக்கொண்டு நடந்தாள். பூனை பின்னால் போனது.